பேருந்தா, ரயிலா, மிதிவண்டியா? பள்ளிப் பட்டிமன்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன் தீவில் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஆண்டு விழாவை ஒட்டி ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் பட்டிமன்றம் நடத்துவது என் பொறுப்பு. சில ஆண்டுகளாகத் தலைப்பு ஒன்றுதான்: 'பயணத்துக்கு ஏற்றது பேருந்தா, ரயிலா, மிதிவண்டியா?' தலைப்பை அறிவித்த மறுநாளிலிருந்து பள்ளி வாசலிலும் மீன் கடையிலும் தொலைபேசியிலும் அதே கேள்விகள் வரும். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பேச்சு வழக்கை மட்டும் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.

டீச்சர், என் மகள் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் அங்கே என்ன செய்ய வேண்டும்?

மூன்று அணிகள், அணிக்கு மூன்று பேர், நடுவில் ஒரு நடுவர். ஒருவருக்கு நான்கு நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் ஒரு மணி அடிக்கும், நான்காவது நிமிடத்தில் இரண்டு மணி. முதலில் வருபவர் தங்கள் கட்சி என்ன என்பதை நிறுவ வேண்டும். இரண்டாமவர் ஊரில் பார்த்ததை வைத்து அதற்கு வலுச் சேர்க்க வேண்டும். மூன்றாமவர் எதிரணிகள் சொன்னதற்கு மறுப்புச் சொல்ல வேண்டும். மூன்றாமவர் வேலைதான் கடினம். வீட்டில் தயாரித்துக்கொண்டு வர முடியாது.

அவை வணக்கத்துக்கு அரை நிமிடம் போதும். ஒரு பையன் தலைமை ஆசிரியரில் தொடங்கிச் சத்துணவு சமைக்கும் அக்கா வரை ஒருவர் விடாமல் வணக்கம் சொன்னான். 'இப்போது தலைப்புக்கு வருகிறேன்' என்றபோது முதல் மணி அடித்தது. அந்த அக்கா மட்டும் மிகவும் மகிழ்ந்துபோனார்.

எப்படியும் ரயில் அணிதானே ஜெயிக்கும்? எங்கள் பையனை அதில் போட்டுவிடுங்களேன்.

சீட்டுக் குலுக்கித்தான் அணி பிரிக்கிறோம். யார் வந்து கேட்டாலும் மாற்றுவதில்லை. ரயில் அணிதான் ஜெயிக்கும் என்பதும் சரியில்லை. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6ஆம் தேதி. இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தீவுக்குள் ரயிலே இல்லை. மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் நின்றுகொண்டது. அந்தக் காலத்தில் ரயில் அணிச் சீட்டு எடுத்த பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆனால் அந்த அணியில் ஒரு ஏழாம் வகுப்புப் பெண் எழுந்து, 'எங்கள் வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில். ரயில் நின்ற பிறகு அம்மாவுக்கு விடியற்காலையில் எழுப்ப ஆள் இல்லை. இரண்டு நாள் என் தம்பி பள்ளிக்குத் தாமதமாக வந்ததற்கு இதுதான் காரணம்' என்றாள். அரங்கமே சிரித்தது; அவளுடைய வகுப்பு ஆசிரியரும் சிரித்தார். அந்த ஆண்டு ரயில் அணிதான் வென்றது. ரயில் ஓடத் தொடங்கிய பிறகு முதலில் நடந்ததில் தோற்றது.

பேச்சை நாங்களே எழுதிக் கொடுக்கலாமா? அவனுக்கு எழுத வரவில்லை.

எழுதிக் கொடுத்தால் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். பதினொரு வயதுப் பையன் 'உலகமயமாதலின் விளைவாகப் போக்குவரத்துத் துறை அடைந்துள்ள அசுர வளர்ச்சி' என்று தொடங்கினால், அவன் அப்பா முன் வரிசையில் வாயசைத்துக்கொண்டிருப்பதை நாங்கள் தேடிப் பார்த்துக்கொள்வோம்.

எழுத வராத பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள், நீங்கள் கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது ஊரை விட்டு வெளியே போனாய்? எதில் போனாய்? எங்கே உட்கார்ந்தாய்? பக்கத்தில் யார்? எது பிடிக்கவில்லை? பிறகு தாத்தா பாட்டியிடம் அதே கேள்விகளைக் கேட்டு வரச் சொல்லுங்கள். இந்தத் தீவில் அறுபது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும், சாலைப் பாலம் இல்லாத காலத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். நான்கு நிமிடப் பேச்சுக்கு அது மிச்சம்.

பஸ் அணி கிடைத்திருக்கிறது. பஸ்ஸைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? தினமும் போகிறோம், வருகிறோம்.

தினமும் போய் வருவதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். ரயில் நிலையத்துக்கு நாம் போக வேண்டும். பேருந்து நம் தெருமுனைக்கு வருகிறது. இந்த ஊருக்கே உரிய செய்தியும் உண்டு. 1914இல் ரயில் பாலம் வந்தது. சாலைப் பாலம் திறந்தது 1988இல். இடையில் எழுபத்து நான்கு ஆண்டுகள். அதுவரை தீவையும் கரையையும் இணைத்த பாலம் தண்டவாளம் ஒன்றுதான். நேரம் தவறினால் அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் படகு தேட வேண்டும். அந்தக் கதையைச் சொன்னால் பேருந்தின் அருமையை வேறு சொற்களில் விளக்கவே வேண்டாம்.

மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை இருக்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 'சாதாரணக் கட்டண நகரப் பேருந்து' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். ஒரு பையன் 'எல்லாப் பேருந்திலும் பெண்களுக்கு இலவசம்' என்று முழங்கினான். எதிரணிச் சிறுமி எழுந்து, 'அப்படியானால் போன வாரம் மதுரை போகும்போது என் அம்மாவிடம் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்' என்றாள். அவனால் அதற்குமேல் பேச முடியவில்லை.

குறைகளையும் மறைக்க வேண்டாம். மீன் கூடையோடு ஏறும் அம்மாவை நடத்துநர் முகம் சுளித்துப் பின்படிக்கு அனுப்பியதை ஒரு பெண், பேருந்து அணியில் இருந்துகொண்டே சொன்னாள். 'அப்படியும் அம்மா மறுநாள் அதே பேருந்தில்தான் ஏறினார், வேறு எதில் ஏறுவது?' என்று முடித்தாள். ரயில் அணிக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

ரயிலைப் பற்றி எல்லாரும் 'தாலாட்டும் ரயில், ஜன்னலோரம்' என்றுதான் பேசுகிறார்கள். வேறு என்ன பேசலாம்?

ரயில் எப்படி ஓடுகிறது என்பதைப் பேசுங்கள். ஒரு கோலிக் குண்டைச் சிமெண்டுத் தரையில் உருட்டுங்கள். அதையே கடற்கரை மணலில் உருட்டுங்கள். தரையில் எவ்வளவு தூரம் ஓடுகிறது, மணலில் எங்கே நின்றுவிடுகிறது என்று பாருங்கள். ரயிலின் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் நசுங்காமல் உருளுகிறது. ரப்பர் டயரோ சாலையில் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் நசுங்கி, மீண்டும் எழுந்து உருளுகிறது. அந்த நசுங்கலில் ஆற்றல் வீணாகிறது. அதனால்தான் ஒரே ஒரு இன்ஜின் இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளை இழுக்கிறது. படுக்கை வசதிப் பெட்டி ஒன்றில் 72 படுக்கைகள். புதிய வகைப் பெட்டியில் 80. ஒரு ரயிலில் வருகிறவர்களைப் பேருந்தில் ஏற்றினால் எத்தனை பேருந்து வேண்டும் என்று மேடையிலேயே கணக்குப் போட்டுக் காட்டலாம். கரும்பலகை கேட்டால் தருகிறோம்.

பாலத்தைப் பற்றியும் பேசலாம், நம் ஊர்ப் பிள்ளைகளைத் தவிர வேறு யார் பேசுவது? பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கைகளைப் போல இருபுறமும் மேலெழும்பும். ஆட்கள் கையால் சுழற்றித் திறந்தார்கள். புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி லிஃப்ட் போலச் சாயாமல் அப்படியே 17 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. இரண்டையும் கையை அசைத்துக் காட்டினால் ஆறாம் வகுப்புக்குக்கூடப் புரியும்.

கட்டணம் சொல்வதானால் பிள்ளைகளின் கட்டணத்தைச் சொல்லுங்கள். ஐந்து வயது நிரம்பாதவர்களுக்கு டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் அரைக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். இதைச் சொன்னால் அவையில் இருக்கும் பெற்றோர் உடனே தலையாட்டுவார்கள்.

சைக்கிள் அணி வந்ததற்கு என் மகன் அழுகிறான். எப்படிச் சமாதானம் செய்வது?

ஆண்டுதோறும் ஒருவராவது அழுகிறார்கள். பேருந்துக்கும் ரயிலுக்கும் பக்கத்தில் மிதிவண்டியை வைத்தால் ஏமாந்துபோன மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்த மேடையில் உட்கார்ந்திருக்கும் ஒன்பது பேரில் பேருந்து ஓட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, ரயில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மிதிவண்டியை ஒன்பது பேரும் ஓட்டுவார்கள். அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

புதுக்கோட்டைக் கதையையும் சொல்லிக் கொடுங்கள். 1990களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்துக் கற்பித்தபோது, கூடவே பெண்களுக்கு மிதிவண்டியும் கற்பித்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். பல்லாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடம், பிள்ளை, விற்பனைக்கான மூட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு யாரையும் எதிர்பார்க்காமல் போனார்கள். பேருந்து நேரத்துக்கு ஏற்ப நாளை வகுத்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் நேரத்துக்குக் கிளம்பினார்கள். இப்போது பதினோராம் வகுப்பில் அரசு மிதிவண்டி கொடுக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அக்காவுக்குக் கிடைத்த வண்டியில் குரங்குப் பெடல் அடித்துப் பழகியவர்கள்தான்.

ஒரு எச்சரிக்கை. 'மிதிவண்டியில் எங்கும் போகலாம்' என்று மட்டும் சொல்ல வேண்டாம். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதத்தில் பாம்பனிலிருந்து சாலைப் பாலத்தில் ஏறி மண்டபம் நோக்கி மிதித்துப் பார்த்தவர்கள் அவையில் நிறைய இருப்பார்கள். நானும் ஒருமுறை பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனவள்.

புள்ளிவிவரம் சொன்னால்தான் மதிப்பெண் வருமாமே?

புள்ளிவிவரத்துக்குத் தனி மதிப்பெண் கிடையாது. சொல்வதானால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள், அதை அவை உணரும்படி சொல்லுங்கள். ஒரு எடுத்துக்காட்டு: 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அப்படியே படித்தால் யார் மனதிலும் நிற்காது. 365 நாட்களுக்கும் 24 மணி நேரத்துக்கும் வகுத்தால் மணிக்கு 19 பேர் என்று வருகிறது. 'இந்தப் பட்டிமன்றம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிறது' என்று ஒரு சிறுமி சொல்லிவிட்டுச் சற்று நின்றாள். கூடத்தில் சத்தமே இல்லை.

அதே எண்ணில் ஒரு பொறியும் இருக்கிறது. ரயில் அணி இதைத் தூக்கிப் பேருந்தின்மேல் போடும். பேருந்து அணி விழித்திருந்தால் உடனே பிரித்துக் காட்டலாம்: இறந்தவர்களில் 44 விழுக்காட்டுக்கும் மேல் இருசக்கர மோட்டார் வாகனங்களில் போனவர்கள், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். பேருந்துப் பயணிகளின் பங்கு மிகச் சிறியது. மிதிவண்டி அணியும் இதைக் கேட்டுச் சும்மா இருக்கக் கூடாது. நடந்து போகிறவரையும் மிதித்துப் போகிறவரையும் இடிப்பது யார் என்று கேட்கலாம். ஒரே எண்ணை மூன்று அணிகளும் பிடித்து இழுத்த நாளில்தான் பட்டிமன்றம் நன்றாக இருந்தது.

1964 புயலில் ரயில் கடலோடு போனதைச் சொல்லலாமா? பஸ் அணிக்கு நல்ல வாதம் ஆயிற்றே.

இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் அலை அடித்துச் சென்றது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி என்ற ஊரே போய்விட்டது. எங்கள் அவையில் அந்த இரவில் உறவினரை இழந்த குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். அவர்கள் முன்னால் அதை 'ரயில் ஆபத்தானது' என்பதற்குச் சான்றாக வைத்துக் கைத்தட்டல் வாங்க நான் விடமாட்டேன். தவிர, அது வாதமாகவும் நிற்காது. அந்தப் புயல் வீடுகளையும் படகுகளையும் சேர்த்தே கொண்டுபோனது.

சொல்லவே கூடாது என்பதில்லை. ஒரு பையன் வேறு விதமாகச் சொன்னான். புயலில் உடைந்த பாலத்தை ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சீராக்கி மீண்டும் ரயில் விட்டதைச் சொல்லி, 'எங்கள் தாத்தா முதல் வண்டியைப் பார்க்கக் கரைக்கு ஓடினாராம். ரயில் வந்ததால்தான் தீவு பிழைத்தது என்று நினைத்தாராம்' என்றான். அதற்கு யாரும் கைதட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை.

ஒரு குறளாவது சொல்ல வேண்டாமா? 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' பொருத்தமாக இருக்குமே.

பொருத்தம் அதிகமாகிவிட்டதுதான் சிக்கல். 'கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து' என்பது 496ஆம் குறள். வலிய சக்கரம் பூட்டிய நெடிய தேர் கடலில் ஓடாது, கடலில் ஓடும் கப்பல் நிலத்தில் ஓடாது. இடம் அறிந்து செயல்படு என்பதற்காகச் சொன்னது. அதாவது, எதுவும் எல்லா இடத்துக்கும் ஏற்றதல்ல என்கிறார் வள்ளுவர். 'எங்கள் வண்டியே ஏற்றது' என்று பேச வந்த பிள்ளை இதைச் சொன்னால் சொந்தக் கட்சியைத் தானே கவிழ்த்துக்கொள்கிறது.

ஒரு ஆண்டு மூன்று அணிகளும் இதைச் சொல்லித் தொடங்கின. மூன்றாவது முறை கேட்டபோது நடுவர் எழுந்து, 'நீங்கள் மூவரும் எனக்காகப் பேசுகிறீர்கள், நன்றி' என்றார். இப்போது நடுவருக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம். பிள்ளைகள் வேறு எதையாவது தேடட்டும், தேடாமலும் பேசலாம்.

விமானத்தையும் கப்பலையும் ஏன் விட்டுவிட்டீர்கள்? நாம் கடல் ஊர் அல்லவா?

விமானத்தில் ஏறிய பிள்ளை எங்கள் பள்ளியில் ஒன்றோ இரண்டோ. மற்றவர்கள் கேட்டதையும் தொலைக்காட்சியில் பார்த்ததையும் பேச வேண்டியிருக்கும். முன்பு ஒருமுறை விமான அணி வைத்துப் பார்த்தேன். 'மேகத்தின் மேல் மிதந்தேன்' என்று ஒருவன் உருகினான். கீழே இறங்கியதும், 'எந்த விமானத்தில் போனாய்?' என்றேன். 'போகவில்லை டீச்சர், அண்ணன் சொன்னான்' என்றான். நமக்கு அருகில் உள்ள விமான நிலையம் மதுரையில். அதற்குப் போகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் பேருந்திலோ ரயிலிலோ உட்கார வேண்டும் என்பதை இருக்கும் அணிகளே பயன்படுத்திக்கொள்ளலாம்.

கப்பல் விஷயம் வேறு. அதற்கு அணி வைக்கவில்லையே தவிர, ரயில் அணி அதை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. 1914இல் பாலம் திறந்ததும் சென்னை எழும்பூரில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடி வரை அதிலேயே வந்தார். அங்கே கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போனார். 'போட் மெயில்' என்று பெயர். ரயிலும் கப்பலும் ஒன்றுக்கொன்று போட்டியில்லாமல் கைகோத்த பயணம் அது. புயலுக்குப் பிறகு தனுஷ்கோடித் துறை இல்லாமல் போயிற்று. சில காலம் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடி, அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டபோது, இங்கே பெரியவர்கள் கொஞ்சம் பொறாமையோடுதான் செய்தி படித்தார்கள்.

எல்லா அணியும் 'நாங்கள்தான் சுற்றுச்சூழலுக்கு நல்லது' என்கிறார்களே, யார் சொல்வது சரி?

மிதிவண்டிக்கு இதில் சந்தேகம் இல்லை. மற்ற இரண்டையும் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். ஐம்பது பேர் ஏறிய பேருந்தையும் ஐந்து பேர் ஏறிய பேருந்தையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது; டீசல் ஏறக்குறைய ஒரே அளவு எரிகிறது. அதனால் பேருந்து அணி 'நிறைந்த பேருந்து' என்று பேச வேண்டும். அப்படிப் பேசினால் நெரிசலைப் பற்றி மற்றவர்கள் கேட்பார்கள், அதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

ரயில் அணி 'மின்சார ரயிலில் புகையே இல்லை' என்று சொல்லும். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. புகை இடம் மாறியிருக்கிறது. ஆனால் ரயில் அணி இதற்கு முன்கூட்டியே தயாராக இருந்தால் கோலிக் குண்டை எடுக்கும்: ஒரே அளவு ஆற்றலில் ரயில் பல மடங்கு ஆட்களைக் கொண்டுபோகிறது. இந்த இடத்தில் விவாதம் சூடு பிடித்தால் நான் மணி அடிக்க மறந்துவிடுவதுண்டு. பெற்றோர் மன்னிக்க வேண்டும்.

எதிரணி சொல்வது உண்மையாகவே இருந்தால் என்ன செய்வது?

'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். ஒப்புக்கொண்டால் தோற்றுவிட்டோம் என்று நினைக்கிறார்கள். மீன் கூடைக் கதை சொன்ன பெண்ணை மேலே குறிப்பிட்டேன். அவள் குறையைத் தானே எடுத்துவைத்தாள், எதிரணி அதைத் தொட முடியாமல் போனது.

எதிரணி சொன்னதை ஒரு வரியில் நேர்மையாகத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்: 'ரயிலில் கழிப்பறை இருக்கிறது, பேருந்தில் இல்லை என்றார் தோழி, உண்மைதான்.' பிறகு அதைத் தாண்டி நிற்கும் ஒன்றைச் சொல்லட்டும்: 'ஆனால் பேருந்தை வழியில் நிறுத்தச் சொல்லலாம். ரயிலை நிறுத்தச் சொல்லிச் சங்கிலியை இழுத்தால் அபராதம்.' கேலி, பட்டப் பெயர், எதிரணிக்காரரின் வீட்டு விஷயம் எதுவும் கூடாது. ஒருமுறை எதிரணிப் பிள்ளையுடைய அப்பாவின் ஆட்டோ கடனை ஒருவன் மேடையில் இழுத்தான். அவனை அங்கேயே உட்காரவைத்தேன்.

என் மகனுக்கு மனதுக்குப் பிடித்தது பஸ். ரயிலுக்காகப் பேசச் சொல்கிறீர்கள். இது பொய் சொல்லக் கற்றுக் கொடுப்பது ஆகாதா?

இதைக் கேட்டவர் ஒரு தந்தை, கோபமாகத்தான் கேட்டார். நான் பல நாள் யோசித்தேன். 'எனக்கு ரயில்தான் பிடிக்கும்' என்று அவன் சொன்னால் அது பொய். அதனால் எங்கள் மேடையில் 'எனக்குப் பிடிக்கும்' என்ற சொல்லுக்கு இடமில்லை. 'ரயிலுக்கு இந்த வலிமை இருக்கிறது' என்று சொல்வது பொய்யாகாது. அந்த வலிமை இருக்கிறதே.

இன்னொன்றும் செய்கிறோம். பட்டிமன்றம் முடிந்த மறுநாள் வகுப்பில் ஒவ்வொருவரும் தாங்கள் உண்மையில் எதில் போவார்கள், ஏன் என்று நான்கு வரி எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண் இல்லை. அந்தத் தந்தையின் மகன், 'எனக்கு இன்னமும் பேருந்துதான். ஆனால் தூங்க வேண்டும் என்றால் ரயில்' என்று எழுதியிருந்தான். தாளை அவரிடமே கொடுத்தனுப்பினேன்.

நடுவர் 'மூன்றும் சிறந்தவைதான்' என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிடலாமே? யாருக்கும் வருத்தம் இருக்காது.

எல்லாருக்கும் வருத்தம் இருக்கும். ஒரு மாதம் தயாரித்து வந்த பிள்ளையிடம் 'நீ பேசியதும் பேசாததும் ஒன்றுதான்' என்று சொல்வதாக ஆகிவிடும். பெரியவர்களின் மேடையில் அப்படி வழவழ தீர்ப்புகள் உண்டு, இங்கே வேண்டாம்.

நாங்கள் கண்டுபிடித்த வழி இது. தீர்ப்புக்கு முன் நடுவர் ஒரு பயணியைச் சொல்வார். முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. கடந்த முறை: 'எழுபது வயதுப் பாட்டி, கண்ணில் அறுவைச் சிகிச்சைக்காக மதுரை போகிறார். துணைக்குப் பேத்தி ஒருத்தி. இரண்டு பைகள். இருவருக்கும் வெயில் ஆகாது.' ஒவ்வொரு அணியின் மூன்றாவது பேச்சாளரும் அந்தப் பாட்டியை மனதில் வைத்து ஒரு நிமிடம் கூடுதலாகப் பேச வேண்டும். நடுவர் அந்தப் பாட்டிக்கு யார் வழி காட்டினார்கள் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். மிதிவண்டி அணிப் பையன் எழுந்து, 'பாட்டியை மதுரைக்கு நான் கூட்டிப் போக மாட்டேன். வீட்டிலிருந்து நிலையம் வரை பின்னால் உட்காரவைத்து மெதுவாக உருட்டிக்கொண்டு போவேன். பைகள் இரண்டும் ஹாண்டில்பாரில்' என்றான். தீர்ப்பு ரயிலுக்குப் போனது. சிறந்த பேச்சாளர் கோப்பை அவனுக்கு.

மேடையில் மறந்துவிட்டால்?

மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கலாம். குறிப்புச் சீட்டுக்கு அனுமதி உண்டு, உள்ளங்கை அளவுக்கு மேல் கூடாது. மனப்பாடம் செய்த பிள்ளைக்குத்தான் ஒரு சொல் தவறினால் எல்லாம் தவறுகிறது. சொந்தப் பயணத்தைச் சொல்கிற பிள்ளைக்கு அடுத்து என்ன நடந்தது என்று நினைவிருக்கும். திக்கிப் பேசுகிற பிள்ளைகளுக்கு மணி கிடையாது.

அடுத்த ஆண்டும் இதே தலைப்புதானா?

மாற்றலாம் என்று ஆண்டுதோறும் நினைக்கிறேன். இந்த முறை விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்தாள். அடுத்த ஆண்டுதான் அவள் பெயர் கொடுக்க முடியும். 'டீச்சர், எங்கள் தெருவில் எல்லாரும் ஷேர் ஆட்டோவில்தான் போகிறோம். அதற்கு ஏன் அணி இல்லை?' என்றாள். கொஞ்ச நேரம் யோசித்தேன், சரியான காரணம் எதுவும் தோன்றவில்லை. ஆகவே அடுத்த ஆண்டு நான்கு அணிகள், பன்னிரண்டு நாற்காலிகள். நேரத்தை நான்கு நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைக்க வேண்டியிருக்கும்.